14 விநாடி நாகஸ்வரம்

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஸ்ரீரங்கம் போகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. தூக்கம் நன்றாகப் பிடிக்கிற நேரத்தில் ஊர் வந்துவிடும். விடியற்காலை 5 மணி சுமாருக்கு, கொள்ளிடம் பாலத்தில் ரயில் தடதடவென ஏறும்போதே எழுந்து செருப்பைத் தேட வேண்டும்.

கடந்த மார்கழியில் தங்கை மகனையும் அழைத்துக்கொண்டு போனேன். 19 வயது. சென்னையில் இன்ஜினீயரிங் படிக்கிறான். அது பகலில். ராத்திரியில் லேப்டாப்பில் பாட்டு செய்கிறான். பாடுகிறான் என்றோ வாசிக்கிறான் என்றோ சொல்ல முடியாது. அவனே சொல்வது, "ட்ராக் பண்றேன் மாமா" என்றுதான். முழ நீளத்துக்கு ஒரு கீபோர்டு, லேப்டாப், காதை முழுசாக மூடும் ஹெட்போன். அவன் கச்சேரி செட் அவ்வளவுதான், ஒரு தோள்பையில் அடங்கிவிடும்.

"அண்ணா, காதுல மாட்டினத கழட்டவே மாட்டேங்கறான். சாப்பிடக் கூப்பிட்டா மெசேஜ் அனுப்ப வேண்டியிருக்கு. நாலு நாள் ஊருக்குக் கூட்டிட்டுப் போயேன்" என்று தங்கை சொன்னதால்தான் இந்தப் பயணம். நான் பிறந்து வளர்ந்த ஊர். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அடையவளஞ்சான் வீதியில் வாடகை வீடு.

ஸ்டேஷனில் இறங்கியதும் பனி. எங்கோ ஒரு கூம்பு ஸ்பீக்கரில் திருப்பாவை. அவன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினான்.

"எவ்ளோ சத்தம் மாமா! யாரும் கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் வளர்ந்த காலத்தில் பாட்டு என்பதே இப்படித்தான் இருந்தது. நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அதுவாக வரும். காலையில் கோயில் பக்கமிருந்து, அப்புறம் டீக்கடையிலிருந்து, சாயங்காலம் யார் வீட்டு ரேடியோவிலிருந்தோ. ஒரே பாட்டை வீதியே கேட்டது. பிடிக்காத பாட்டையும் முழுசாகக் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

ரேடியோ என்றால் எங்களுக்குத் திருச்சி வானொலி. 1939 மே 16-ம் தேதி தொடங்கிய நிலையம். சுதந்திரம் வந்தபோது நம் நாட்டின் பங்குக்கு இருந்தவை 6 வானொலி நிலையங்கள்தான். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ. ஆறாவது எங்கள் திருச்சி. அதன் செல்வாக்குக்கு ஒரு கதை சொல்வேன். 1960-களில் ஆடுதுறை 27 என்ற புதுநெல்லைப் பற்றித் திருச்சி வானொலி விவசாயிகளுக்கு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. டெல்டாவில் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. வயலில் விளைந்த ஒரு பயிருக்கு வானொலியின் பெயர்!

அந்த நிலையத்தில் நான் மறக்காத விஷயம் கச்சேரி இல்லை. கச்சேரிக்கு முன்னும் பின்னும் வரும் அறிவிப்பு. பாடியவர் பெயரைச் சொல்வார்கள். பிறகு வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார். கடைசியில் தம்புரா மீட்டியவர் பெயரையும் சொல்வார்கள். அரை மணி நேரம் ஒரே சுருதியை மீட்டிய மனிதருக்கும் ஒரு பெயர் உண்டு என்பது எனக்குத் தெரிந்தது இப்படித்தான். அப்பா அந்த அறிவிப்பு முடியும்வரை ரேடியோவை அணைக்க விடமாட்டார். "வாசிச்சவன் பேர கேட்டுட்டு அணைடா" என்பார்.

முதல் நாள் இதைச் சொன்னபோது தங்கை மகன் "ஓ" என்றான். அந்த 'ஓ'வுக்கு அர்த்தம் தெரிந்த பெற்றோர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

பகல்பத்து நடந்துகொண்டிருந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய 10 நாள் பகல்பத்து, பிந்தைய 10 நாள் இராப்பத்து. பகல்பத்தில் நம்பெருமாள் அர்ஜுன மண்டபத்துக்கு எழுந்தருள, அவர் முன்னால் அரையர்கள் பாசுரம் சேவிப்பார்கள். தலையில் கூம்பான குல்லாய், கையில் தாளம், பாட்டு, கொஞ்சம் அபிநயம். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் காலத்திலிருந்து வருவதாகச் சொல்லப்படும் வழக்கம். குறிப்பிட்ட குடும்பங்களின் ஆண்கள் மட்டுமே செய்யும் சேவை. இன்றைக்கு ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சில ஊர்களில்தான் பார்க்க முடியும்.

போனையும் ஹெட்போனையும் ரூமிலேயே வைக்கச் சொல்லி அழைத்துப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பையனுக்குப் பரவசமெல்லாம் வரவில்லை. கூட்டம், கால் வலி, வார்த்தை பிடிபடவில்லை. முக்கால் மணி நேரத்தில் "இன்னும் எவ்ளோ நேரம் மாமா?" என்றான். ஆனால் வெளியே வந்ததும் ஒரு கேள்வி கேட்டான். "இதெல்லாம் எழுதினது யாருன்னு எப்படி மாமா இவ்ளோ வருஷம் தெரிஞ்சிருக்கு? காப்பிரைட்டெல்லாம் அப்போ கிடையாதே?"

நல்ல கேள்வி. பதில் பாட்டிலேயே இருக்கிறது. ஆழ்வார்களில் பலர் பதிகத்தின் கடைசிப் பாசுரத்தில் தங்கள் பெயரையும் ஊரையும் சொல்லிவிடுவார்கள். நம்மாழ்வார் தன்னைக் குருகூர்ச் சடகோபன் என்று சொல்லி, ஆயிரம் பாட்டில் இது இந்தப் பத்து என்று கணக்கும் வைப்பார். பிற்காலத்தில் தியாகராஜரும் அப்படியே. சரணத்தில் அவர் பெயர் முத்திரையாக வரும். ஸ்ரீரங்கத்துக்கு வந்த அவர் ரங்கநாதர் மேல் தெலுங்கில் 5 கீர்த்தனைகள் பாடினார். தோடி, காம்போதி, ஆரபி, தேவகாந்தாரி, சாரங்கா என்று ஐந்து ராகம். ஸ்ரீரங்கம் பஞ்சரத்னம் என்று சொல்வார்கள். கூட்டத்தில் அவரால் சுவாமி அருகே போக முடியவில்லை, அவர் வரும்வரை குதிரை வாகனம் நகரவே இல்லை என்று இந்த வீதிகளில் ஒரு கதையும் உண்டு. கதை எப்படியோ, பாட்டிலிருந்து அவர் பெயரை யாராலும் பிரிக்க முடியவில்லை.

"செம ஐடியா மாமா. க்ரெடிட்ஸ பாட்டுக்குள்ளயே வெச்சிட்டாங்க" என்றான்.

இதற்கு நேர்மாறான இசையும் அதே கோயிலில் இருக்கிறது. இராப்பத்து இரவுகளில் நம்பெருமாள் மூலஸ்தானத்துக்குத் திரும்பும்போது வீணை ஏகாந்தம். நாகஸ்வரமும் தவிலும் அடங்கிவிடும், வீணை மட்டும். பெருமாளைத் தூங்க வைக்கிற வாசிப்பு. கைதட்டல் கிடையாது, போஸ்டர் கிடையாது. வழிவழியாக வாசிக்கும் குடும்பத்தாரின் உரிமை அது. எத்தனையோ பேர் அதைக் கேட்டு உருகுவதைப் பார்த்திருக்கிறேன். வாசிப்பவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு. நானும் சின்ன வயதில் கேட்டதில்லை.

மறுநாள் காலை டிபனுக்குக் கிளம்பியபோதுதான் அந்த விஷயம் நடந்தது. சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சின்னப் பிள்ளையார் கோயில். மார்கழி பூஜை. ஒரு நாகஸ்வரம், ஒரு தவில். இரண்டு பேருமே 20 வயதைத் தாண்டாத பையன்கள். சுருதிக்கு ஒத்து ஊதும் ஆள் இல்லை, பேட்டரியில் ஓடும் சுருதிப்பெட்டி. நாகஸ்வரப் பையன் வாயில் வைத்துச் சீவாளியை நனைத்துக்கொண்டே இருந்தான். பனியில் அது சீக்கிரம் படியவில்லை போல. பிறகு ஊதினான்.

தங்கை மகன் ஹெட்போனை முழுசாகக் கழற்றினான். அந்த நாலு நாளில் நான் சொல்லாமல் அவன் கழற்றியது அப்போதுதான். போனை எடுத்து ரெக்கார்டு செய்தான். 14 விநாடி.

அன்று பகலில் திருச்சி டவுனுக்குப் போனோம். ஸ்ரீரங்கத்திலிருந்து 1-ம் நம்பர் பஸ் பிடித்தால் காவிரியைக் கடந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு. மலைக்கோட்டை ஏறினோம், 400-க்கு மேல் படிகள், அவன் ஓடினான், நான் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். உச்சிப்பிள்ளையார் சந்நிதியிலிருந்து பார்த்தால் ரெண்டு ஆறும் நடுவில் தீவாக ஸ்ரீரங்கமும் தெரியும். அங்கே உட்கார்ந்து, கீழே தெரிகிற ஊரைக் காட்டி எம்.கே.தியாகராஜ பாகவதர் கதையைச் சொன்னேன்.

1910-ல் மாயவரத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்தவர். அப்பா பொற்கொல்லர். பையனுக்குப் பட்டறையிலும் படிப்பிலும் மனம் ஒட்டவில்லை. வீட்டைவிட்டு ஓடிப் போய், கடப்பையில் பாடிக்கொண்டிருந்தவரை அப்பா தேடிப் பிடித்து அழைத்து வந்தார் என்பார்கள். ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி.நடேச ஐயர் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கி நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். ஹரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடத்தை இந்தச் சிறுவனுக்குக் கொடுத்தார். அங்கிருந்துதான் எல்லாம். 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் 3 தீபாவளி கண்டது. அதற்கு இசையமைத்த ஜி.ராமநாதன் பிச்சாண்டார்கோவில்காரர். விடியற்காலையில் நம் ரயில் கடந்து வந்த அதே ஊர்.

"பாகவதர் மாதிரி முடி வளர்த்துக்கிட்டு அந்தக் காலத்துப் பசங்க திரிஞ்சாங்கடா. 'பாகவதர் கிராப்'புனே பேரு. வீட்டுக்கு வீடு திட்டு விழும்" என்றேன்.

"அப்போ தாத்தா காலத்துலயும் திட்டினாங்களா!" அவனுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்த ஊர்க்காரர்கள் ஊர்ப் பெயரை எங்கே போனாலும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார்கள். லால்குடி ஜெயராமன், முசிறி சுப்பிரமணிய ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள், திருச்சி லோகநாதன். மிருதங்கம் திருச்சி சங்கரன் 1971-ல் கனடா போய் டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார். அங்கேயும் அவர் 'ட்ரிச்சி' சங்கரன்தான். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த கவிஞர் வாலியும் எழுத்தாளர் சுஜாதாவும் ஊரைப் பெயரில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ரெண்டு பேருக்கும் இயற்பெயர் ரங்கராஜன்! தங்கை மகன் இன்டர்நெட்டில் என்ன பெயர் வைத்திருக்கிறான் என்று கேட்டேன். நாலு ஆங்கில எழுத்தும் இரண்டு எண்ணும் சொன்னான். வண்டி நம்பர் மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

சங்கீதம் படிக்கத் திருச்சியில் இப்போது வழி நிறைய. 1977-ல் தொடங்கிய கலைக்காவிரியில் பரதமும் பாட்டும் பட்டப்படிப்பாகவே இருக்கின்றன. என்.ஐ.டி. மாணவர்களின் ஃபெஸ்டம்பர் விழாவில் ராக் பேண்டுக்குத் திரளும் கூட்டம் வேறு ரகம். அதையெல்லாம் அவனே கூகுள் செய்துகொள்வான்.

ராத்திரி லாட்ஜ் ரூமில் அந்த 14 விநாடியை வைத்து ஒரு ட்ராக் செய்துவிட்டான். கீழே டிரம்ஸ், கும்மென்று ஒரு பேஸ், மேலே நாகஸ்வரம் திரும்பத் திரும்ப வந்தது. எனக்கே கால் ஆடியது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

"அவங்ககிட்ட போட்டுக் காட்டணும் மாமா" என்றான்.

விசாரித்ததில் அந்தப் பையன் மூலத்தோப்பில் இருக்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளி மாணவன் என்று தெரிந்தது. கலை பண்பாட்டுத் துறை நடத்தும் பள்ளி. குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். 3 ஆண்டுப் படிப்பு. 12 வயது முதல் 25 வயதுவரை சேரலாம். நாகஸ்வரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். கட்டணம் வருஷத்துக்குச் சில நூறு ரூபாய், மாணவர்களுக்கு மாதாமாதம் கொஞ்சம் உதவித்தொகையும் உண்டு. இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது ஆசைப்படும் பிள்ளை இருந்தால் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சாயங்காலம் டீக்கடையில் சந்தித்தோம். பையனின் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். வீட்டில் யாரும் வாத்தியம் தொட்டதில்லை, இவன்தான் முதல். ஊர்த் திருவிழாவில் கேட்டுவிட்டு 'இதைத்தான் படிப்பேன்' என்று அடம்பிடித்திருக்கிறான். ஒரு காலத்தில் பரம்பரைக் குடும்பங்களின் வாசலைத் தாண்டி வராத வாத்தியம் இது.

"கல்யாணத்துல இப்ப செண்டை மேளம், டி.ஜே. கேக்குறாங்க சார். நம்மள கூப்பிட்டாலும் முகூர்த்தம் வரைக்கும்தான். அப்புறம் சினிமாப் பாட்டு வாசிங்கம்பாங்க. வாசிப்பேன் சார், அதுல என்ன? ஆனா ஒரு ராகம் ஆரம்பிச்சு பத்து நிமிஷம் போனா, மேடைலேர்ந்து ஆள் வந்து போதும்னு கை காட்டுறாங்க."

தங்கை மகன் ஹெட்போனை அவன் தலையில் மாட்டினான். பையன் கண்ணை மூடிக் கேட்டான். முதலில் சிரித்தான். தலை ஆடியது. பிறகு நெற்றி சுருங்கியது.

"சூப்பரா இருக்கு ப்ரோ. ஆனா இது நான் வாசிச்சது இல்லையே."

"நீங்க வாசிச்சதுதான் ப்ரோ. பிட்ச் கொஞ்சம் கரெக்ட் பண்ணேன்."

"அதான். இது பௌளி. இந்த எடத்துல காந்தாரம் நேரா நிக்காது, கொஞ்சம் இறங்கி அசையணும். அந்த அசைவு வரவே எனக்கு எட்டு மாசம் ஆச்சு. வாத்தியார்கிட்ட எவ்ளோ திட்டு! நீங்க அத நேரா நிமித்தி வெச்சிட்டீங்க. அப்புறம் நான் மூச்சு வாங்குன எடத்தையும் வெட்டிட்டீங்க."

"மூச்சு சத்தம் நாய்ஸ்னு நெனச்சேன்."

"மூச்சுதான ப்ரோ நாதஸ்வரம்."

கோபமாகச் சொல்லவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். தங்கை மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மென்பொருளில் ஒரு பட்டனைத் தட்டியதில் எட்டு மாதம் காணாமல் போயிருக்கிறது. அவனுக்கு அது தெரியவும் தெரியாது. கீபோர்டில் வெள்ளைக் கட்டை ஒன்று, கறுப்புக் கட்டை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒருவன் எட்டு மாதம் குடியிருக்க முடியும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? நானும் சொல்லவில்லையே.

பிறகு பையன் கேட்டான். "இத நெட்ல போடுவீங்களா?"

"ஆமா ப்ரோ, உங்களுக்கு ஓகேன்னா."

"பேரு போடுவீங்களா?"

தங்கை மகன் உடனே பதில் சொல்லவில்லை. அவன் கெட்ட பையன் இல்லை. அந்தக் கேள்வி அவனுக்கு அதுவரை தோன்றவே இல்லை, அவ்வளவுதான். போனில் கேட்டு வளர்ந்தவன். பாட்டு ஓடும்போது திரையில் ஒரு படமும் ஒரு பெயரும் வரும், அதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடும். வயலின் யார், தபலா யார் என்று தேடிப் போனால்தான் உண்டு. பெரிய இடத்திலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 2021-ல் உலகம் முழுக்கச் சுற்றிய 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்று அடுத்த வருஷம் ஊரே பேசியது. உருவாக்கியவர்களே வெளிப்படையாக எழுத வேண்டிவந்தது. பிரபலமானவர்களுக்கு எழுத இடமாவது இருக்கிறது. சந்துப் பிள்ளையார் கோயிலில் ஊதிய பையனுக்கு?

"கண்டிப்பா போடுறேன் ப்ரோ. காசு வந்தா அதுலயும் பாதி" என்றான் தங்கை மகன்.

"காசு வரும்போது பாக்கலாம்" என்று சிரித்தான் அவன்.

நான் இடையில் புகுந்து, "தம்பி, நான் ஒரு கட்டுரை எழுதப் போறேன், அதுலயும் உன் பேர எழுதட்டுமா?" என்றேன்.

பதறிவிட்டான். "ஐயோ, வேண்டாம் சார். அரங்கேற்றத்துக்கு வாத்தியார் இன்னும் சரின்னு சொல்லல. பத்திரிகைல வந்தா கொன்னுடுவாரு. பாட்டுல போட்டா போதும், அது அவரு கேக்க மாட்டாரு."

ஆகவே இந்தக் கட்டுரையில் அவன் பெயர் இல்லை.

கிளம்பும் நாள் காலையில் தங்கை மகன் தனியாகவே எழுந்து அந்தச் சந்துக்குப் போய்விட்டு வந்தான். இந்த முறை 14 விநாடி இல்லை, 11 நிமிஷம். ராகம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை. "நடுவுல ஒரு சைக்கிள் பெல் வருது மாமா. அத எடுக்கப் போறதில்ல" என்றான்.

ராத்திரி ரயில். கொள்ளிடம் பாலம் தாண்டி லால்குடி வரும்போது மேல் பெர்த்தில் லேப்டாப் வெளிச்சம். எட்டிப் பார்த்தேன். பாட்டுக்குக் கீழே எழுதும் பெட்டியில் நாகஸ்வரப் பையனின் பெயரை அடித்துக்கொண்டிருந்தான். முன்னால் ஊர்ப் பெயர். சரியா என்று கேட்டு அவனுக்கு அனுப்பியிருந்தான். பதில் வந்த சத்தம் கேட்டது. படித்தவன் தலையைச் சொறிந்துகொண்டு கீழே குனிந்தான்.

"மாமா, தவில் வாசிச்சவன் பேரையும் போடச் சொல்றான். அவன் பேர் என்ன மாமா?"

எனக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் அவனோடு டீ குடித்திருக்கிறோம்.

"கேட்டு அனுப்புடா" என்றேன்.